ஒரே ஆவர்த்தனத்தில் பன்னிரண்டு பிள்ளைகள்

விஜயதசமிக்குக் கர்நாடகப் பாட்டு கிளாஸ் தொடங்கலாம் என்று வாசலில் போர்டு மாட்டுகிறீர்கள். ஐந்தாறு பேர் வந்தால் போதும் என்று நினைத்த இடத்தில் பன்னிரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். ஆறு வயதுப் பெண் ஒருத்தி அம்மாவின் முந்தானையை விடமாட்டேன் என்கிறாள். பதின்மூன்று வயதுப் பையனுக்கு மீசை அரும்புகிறது. பேசும்போதே குரல் பாதியில் கீழே விழுகிறது. ஒருத்திக்குக் காதில் மெஷின். ஒருவன் மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொள்வான். பக்கத்துத் தெருவில் கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை ஒன்று. தமிழ் பாதிதான் புரியும். மீதிப் பேரைப் பார்த்தால் ஒரே மாதிரி தெரியும். இரண்டு வாரம் போனால் அவர்களும் ஆளுக்கொரு மாதிரிதான்.

என் முதல் வருடமும் இப்படித்தான் இருந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து, ஐந்தரைக் கட்டையில் (குரலின் ஆதார உயரத்துக்குத்தான் கட்டை என்று பெயர்) சுருதி போட்டு, முதல் ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசையை ஒன்றிலிருந்து ஓட்டினேன். பொங்கலுக்குள் ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். "அவங்களுக்கு ஞானம் போதாது" என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் காய்கறிக் கடையில் அந்த ஐவரில் ஒருத்தியைப் பார்த்தேன். தராசுத் தட்டு ஆடுவதைப் பார்த்துக்கொண்டே ஸ்வரங்களை இரட்டை இரட்டையாகப் பாடும் ஜண்டை வரிசையை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், இம்மி பிசகாமல். கிளாஸில் அவள் வாயைத் திறந்ததே இல்லை.

அதற்குப் பிறகு செய்து பார்த்து, தப்பி, திருத்திக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்குச் சிறப்புக் கல்விப் பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் நம் பால பாடத்தை உற்றுப் பார்த்தால், பல மாதிரிப் பிள்ளைகளுக்கும் அதிலேயே வாசல் இருக்கிறது: மூன்று காலம் என்கிற மூன்று வேகம், கைத்தாளம், தாளத்தை வாயால் சொல்லும் சொல்கட்டு, எழுத்தாக எழுதும் ஸ்வரம். நாம்தான் ஒரு வாசலை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு, அதில் நுழைய முடியாத பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறோம்.

சேர்க்கும் நாளில்

"ஒரு பாட்டுப் பாடு பார்ப்போம்" என்று தொடங்காதீர்கள். புது இடத்தில், புது மனிதர் முன்னால் பாடிக் காட்டுவது பெரியவர்களுக்கே கஷ்டம். அதற்குப் பதிலாகப் பெற்றோரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் சத்தம் பிள்ளைக்குப் பிடிக்காது? களைத்துப்போனால் எப்படித் தெரியும்? வீட்டில் எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது? இந்த மூன்றுக்கும் வரும் பதிலில் உங்களுக்குத் தேவையான முக்கால்வாசி விவரம் வந்துவிடும்.

டாக்டர் சர்டிபிகேட் கேட்காதீர்கள். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. அந்தப் பட்டியல் அரசுச் சலுகைக்கும் உரிமைக்கும் உதவும். உங்களுக்கு அந்தப் பெயரைவிட, பிள்ளை எதற்கு முகம் சுளிக்கிறது என்பதுதான் வேண்டும். சில பெற்றோர் எதையும் சொல்லமாட்டார்கள். முன்பு ஓர் இடத்தில் உண்மையைச் சொல்லி, அங்கே இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள். அவசரப்படுத்தாமல் விடுங்கள். மூன்றாம் மாதம் வாசலில் செருப்பு மாட்டும்போது தாமாகவே சொல்வார்கள்.

பிள்ளையிடமும் ஒன்று கேளுங்கள்: "எங்கே உட்காரணும்?" கதவுப் பக்கம் என்று சொன்னால் கதவுப் பக்கம்.

இடம்

பாட்டு கிளாஸ் பூஜை அறையில்தான் நடக்கவேண்டும் என்று பலருக்கு ஒரு பழக்கம். எனக்கும் இருந்தது. ஒரு முஸ்லிம் பெண்ணின் அம்மா தயங்கித் தயங்கி வாசலிலேயே நின்றார். வயதுக்கு வந்த பெண்கள் மாதத்தில் மூன்று நாலு நாள் காரணம் சொல்லாமல் லீவு போட்டார்கள்; எனக்கு உறைக்கவே ஒரு வருடம் ஆயிற்று. கூடத்துக்கு மாற்றினேன். இரண்டு பிரச்சினையும் அதோடு போயிற்று. விளக்கை உள்ளே ஏற்றிவிட்டுப் பாட்டை வெளியே வைத்துக்கொள்ளலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

மாடி அறை காற்றோட்டமாக இருக்கும், உண்மைதான். ஆனால் படி ஏற முடியாத ஒரு பிள்ளை நாளைக்கு வரலாம். தரைத் தளத்தில் இடம் இருந்தால் அதையே பிடியுங்கள். சம்மணம் போட்டு உட்கார முடியாதவர்களுக்கு ஒரு பெஞ்ச். பெஞ்சில் ஒரு பிள்ளையை மட்டும் உட்காரவைத்தால் அது தனியாகத் தெரியும். கூடவே இன்னும் இரண்டு பேரை உட்காரச் சொல்லுங்கள். பெஞ்சுக்குச் சண்டை வரும், அது நல்ல அறிகுறி.

வெறும் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் எதிரொலிக்கும். காதில் மெஷின் போட்ட பிள்ளைக்கும் சத்தம் தாங்காத பிள்ளைக்கும் அந்த எதிரொலிதான் முதல் எதிரி. ஜமக்காளம் விரியுங்கள், ஒரு பக்கச் சுவரில் கனமான போர்வை தொங்கவிடுங்கள். கடகடக்கும் ஃபேனுக்கு எண்ணெய் போடுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நீங்கள் உட்கார்ந்தால் உங்கள் முகம் இருட்டாகத் தெரியும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு எதுவும் தெரியாது. வெளிச்சம் உங்கள் முகத்தில் விழவேண்டும்.

கட்டை

ஐந்தரை என்பது வேத வாக்கு இல்லை. பெரிய பெண்களுக்கு அது சரி. ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்தரையில் கீழ் ஸட்ஜம் (ச) பல நேரம் எட்டாது, காற்றுதான் வரும். நாமோ அதைச் "சுருதி சேரவில்லை" என்று எழுதிவிடுகிறோம். ஆறு, ஆறரைக்கு ஏற்றிப் பாருங்கள். பாதிப் பேர் அன்றைக்கே சேர்ந்துவிடுவார்கள்.

குரல் உடையும் பையன்தான் நிஜமான சிக்கல். அவனுக்கு எந்தக் கட்டையும் இரண்டு மாதம் நிற்காது. மற்றவர்களோடு ஆறு கட்டையில் பாடும்போது, அவன் ஒரு ஸ்தாயி (ச முதல் மேல் ச வரையுள்ள அளவு) கீழே, பஞ்சமத்திலிருந்து (ப) மேல் ஸட்ஜம் வரை மட்டும் பாடட்டும். அடியில் இறங்க வேண்டாம். கிளாஸ் முடிந்து பத்து நிமிடம் அவனுக்கு மட்டும் ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டையில் சுருதி போடுங்கள். மாதம் ஒரு முறை அவன் ஸட்ஜம் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருமாகத் தேடுங்கள். மற்ற நேரத்தில் தாளம் அவன் பொறுப்பு. எத்தனையோ பையன்கள் இந்த வயதில்தான் பாட்டை விடுகிறார்கள். குரல் திரும்பி வரும் என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

தாளத்திலிருந்து தொடங்குங்கள்

முதல் ஆறு வாரம் ஸ்வரமே வேண்டாம் என்பது என் கட்சி. இதற்காக என்னோடு சண்டை போட்ட வித்வான்கள் உண்டு. என் காரணம் எளிது: ஸ்வரத்தில் தப்பினால் எல்லார் காதிலும் விழும். கூட்டமாகத் தாளம் போடும்போது தப்பினால் யாருக்கும் தெரியாது, அடுத்த தட்டில் சேர்ந்துகொள்ளலாம். பயந்த பிள்ளை நுழைய இதைவிட அகலமான வாசல் இல்லை.

காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்த பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். அந்தக் கருவி பேச்சையும் லயத்தையும் நன்றாகக் கடத்தும். ஸ்வரத்தின் ஏற்ற இறக்கத்தை அவ்வளவு நன்றாகக் கடத்தாது. தாளத்தில் அந்தப் பெண் மற்றவர்களுக்குச் சமமாக, சில நாள் முன்னாலேயே நிற்பாள். ஸ்வரத்திலிருந்து தொடங்கியிருந்தால் முதல் நாளே கடைசியில் நின்றிருப்பாள்.

சொல்கட்டு சொல்ல ஊர்ப்பெயர் போதும். பழனி என்று மூன்று தரம் சொல்லச் சொல்லுங்கள்: அது தகிட, மூன்று, திஸ்ரம். சிவகிரி என்றால் தகதிமி, நாலு, சதுஸ்ரம். வடபழனி என்றால் தக தகிட, ஐந்து, கண்டம். பழனி சிவகிரி சேர்த்தால் ஏழு, மிஸ்ரம். சிவகிரி வடபழனி ஒன்பது, சங்கீர்ணம். தாளத்தின் இந்த ஐந்து ஜாதியும் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுவது மாதிரி வந்துவிடும். எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு இதில் ஓர் எழுத்தும் வேண்டாம். ஒடிசாப் பிள்ளை இரண்டாம் வாரம் தன் ஊர்ப் பெயரைச் சொன்னான்: புவனேஸ்வர். அதைத் தாளத்தில் எப்படி உட்காரவைப்பது என்று கிளாஸே அரை மணி நேரம் விவாதித்தது. அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை என்று ஒரு அப்பா குறைப்பட்டார்.

ஆதி தாளத்தின் விரல் எண்ணிக்கை ஆறு வயதுக்கு உண்மையிலேயே கடினம். தட்டிவிட்டுச் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று போவதற்குள் சொல் ஓடிவிடும். கையில் வலுக் குறைந்த பிள்ளைக்கு அது முடியவே முடியாது. தாளத்தின் எட்டு அட்சரத்தையும் (எண்ணிக்கையையும்) தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என்றே போடட்டும். கை வராவிட்டால் கால். காலும் வராவிட்டால் தலையசைப்பு. கண்ணை மூடித் திறந்து, தாளச் சுற்று தொடங்கும் இடமான சமத்தைக் காட்டிய ஒரு பையன் என் கிளாஸில் இருந்தான். அவனை ஏமாற்றிச் சமத்தைத் தள்ளிப்போட முடியாது. இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளை இடது தொடையில் போடட்டும். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கையால் மிருதங்கம் வாசித்தவர். மேடையில் மற்றவர்கள் இடம் மாறி உட்கார வேண்டியிருந்தது, அவர் கை மாறவில்லை.

காது கேளாத பிள்ளைக்கு அதிர்வைக் கொடுங்கள். மர பெஞ்சில் உள்ளங்கையை வைக்கச் சொல்லி மறுமுனையில் தட்டுங்கள். யாராவது மிருதங்கம் கொண்டுவந்தால் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்து ஓரத்தில் கை வைக்கட்டும். ஊதிய பலூனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் கனமான ஒலி உடம்பில் இறங்கும். ஸ்காட்லாந்தின் எவலின் கிளெனி இளம் வயதிலேயே கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். மேடையில் செருப்பில்லாமல் நின்று தாள வாத்தியங்களை வாசிப்பார். தரை வழியாக வருவதைக் கால் கேட்கும்.

இப்போது கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன். சரளி வரிசையின் முதல் பாடம் ஏறி இறங்க 16 ஸ்வரம். ஆதி தாளத்தில் முதல் காலத்தில் பாடினால் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று. அதே இரண்டு ஆவர்த்தனத்தில் இரண்டாம் காலத்தில் பாடுகிறவர் இரண்டு தரம் பாடி முடிப்பார். மூன்றாம் காலத்தில் பாடுகிறவர் நாலு தரம். மூன்று பேரும் ஒரே சமத்தில் வந்து சேருவார்கள். வேகமாகப் போகிற பிள்ளைக்குச் சலிப்பில்லை, மெதுவாகப் போகிற பிள்ளைக்கு அவமானமில்லை. நாலாவதாக ஒரு பிள்ளை சமத்தில் மட்டும் "ச" என்று சொல்லட்டும். அவ்வளவுதான் அதன் பாடம். ஆனால் அந்த "ச" பிசகினால் மூன்று பேரும் தடுமாறுவார்கள் என்பதால் எல்லாரும் அந்தப் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. இதை முதலில் சொல்கட்டில் செய்யுங்கள். ஸ்வரத்தில் செய்யும்போது பால பாடத்தின் ராகமான மாயாமாளவகௌளையில் ஒன்றுக்கொன்று இடிக்கும். ஸட்ஜமும் சுத்த ரிஷபமும் (ச ரி), காந்தாரமும் மத்தியமமும் (க ம), பஞ்சமமும் சுத்த தைவதமும் (ப த) ஒட்டி நிற்பதால் காலங்கள் கலக்கும்போது காது கூசும். மோகன ராகத்தில் அப்படி ஒட்டி நிற்கும் ஸ்வரமே கிடையாது. ஐந்து ஸ்வரத்தில் எது எதோடு மோதினாலும் கோவில் மணி மாதிரிதான் கேட்கும்.

ஸ்வரத்துக்குள்

மேலே சொன்னதிலிருந்தே தெரிந்திருக்கும், நான் மோகனத்தில் தொடங்குகிறவள். பால பாடத்தை மாயாமாளவகௌளையில் அமைத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. அதை மாற்ற நீ யார் என்று கேட்டால் பதில் இல்லை. நான் அதை மாற்றவில்லை, இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுகிறேன். ச ரி க, க ரி ச என்று மூன்று ஸ்வரம், அப்புறம் ப, அப்புறம் த. குரல் தடுமாறும் பிள்ளைக்கு இந்த இடைவெளிகள் பிடிபடும்.

பிறகு மாயாமாளவகௌளைக்குப் போகும்போது அதன் அழகைச் சொல்லிக்கொடுங்கள்: ச ரி க ம என்பதில் எந்த இடைவெளியோ அதே இடைவெளிதான் ப த நி ச என்பதிலும். பாதி தெரிந்தால் மீதி தெரிந்த மாதிரி. ஞாபகத்தில் வைப்பது கஷ்டம் என்று சொல்லும் பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி.

ஸ்வரத்தை உடம்பில் காட்டுங்கள். முழங்காலில் ஸட்ஜம், இடுப்பில் காந்தாரம், தோளில் பஞ்சமம், தலைக்கு மேல் மேல் ஸட்ஜம். மாடிப்படி இருந்தால் ஏறி இறங்கியே பாடலாம். படி ஏற முடியாத பிள்ளை இருக்கும் கிளாஸில் அதைச் செய்யாதீர்கள், கையாலேயே ஏறுங்கள்.

நோட்டில் எழுதியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். எழுதுகிறவர்களுக்குப் பெரிய எழுத்தில், வரிக்கு ஓர் ஆவர்த்தனம் மட்டும். சிலர் ஸ்வரத்துக்கு ஒரு கலர் கொடுக்கிறார்கள், நல்ல யோசனைதான். ஆனால் சில பையன்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. கலரோடு வட்டம், சதுரம் என்று வடிவமும் கொடுத்துவிடுங்கள்.

பார்வையில்லாத பிள்ளைக்கு நம் சங்கீதத்தில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. ஸ்வரத்தை எழுத்தாகவே எழுதுகிறோம். பள்ளியில் தமிழ் பிரெய்ல் படித்த பிள்ளை அன்றைக்கே சரளி வரிசையைப் புள்ளியில் குத்திக்கொள்ளலாம், தனிக் குறியீடு வேண்டியதில்லை. காது வழியாகவே படிப்பதும் நம் வழக்கம்தான். கும்பகோணம் சரப சாஸ்திரி சின்ன வயதிலேயே பார்வை இழந்தவர். புல்லாங்குழலுக்குக் கச்சேரி மேடையில் தனி இடம் வாங்கித் தந்தவர் அவர். வயலின் வித்வான் எம். சந்திரசேகரனும் பார்வையில்லாதவர், 2005இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். கர்நாடகத்தின் கதக் ஊரில் வீரேஸ்வர புண்யாஸ்ரமம் பல பத்தாண்டுகளாகப் பார்வையற்ற பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுக்கிறது. அதை வளர்த்த பஞ்சாட்சர கவாயியும் புட்டராஜ கவாயியும் பார்வையற்றவர்களே. ஒன்று மட்டும் பழகிக்கொள்ளுங்கள்: "இங்கே பார்", "இப்படி" என்று கையைக் காட்டாதீர்கள். "வலது உள்ளங்கை தொடையில், அப்புறம் திருப்பி" என்று வாயால் சொல்லுங்கள். முதல் வாரம் நாக்குச் சுளுக்கும். அப்புறம் பார்க்கிற பிள்ளைகளுக்கும் உங்கள் பாடம் தெளிவாகிவிட்டது என்று கவனிப்பீர்கள்.

உட்காராத பிள்ளை, வாய் திறக்காத பிள்ளை

ஓடுகிற பிள்ளையை ஓடவிடுங்கள், தாளத்தோடு. ஜமக்காளத்தைச் சுற்றி எட்டு அடி, சமத்தில் தன் இடத்துக்கு வந்து நிற்கவேண்டும். ஒரு மணி நேர கிளாஸை ஏழெட்டு நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள். சுவரில் ஐந்து அட்டை தொங்கட்டும்: வணக்கம், தாளம், ஸ்வரம், பாட்டு, தண்ணீர். எது முடிந்ததோ அந்த அட்டையை ஒரு பிள்ளை திருப்பிப் போடட்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால்தான் நிம்மதியாக இருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் அப்படி. வரிசையை மாற்றப்போகிறீர்கள் என்றால் முன்னாலேயே சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

சத்தம் தாங்காதவனுக்கு, பலமாக எதையும் செய்யும் முன் "இப்போ எல்லாரும் தட்டப்போறோம்" என்று ஒரு வார்த்தை. காது மூடி கொண்டுவந்தால் போட்டுக்கொள்ளட்டும். மூலையில் ஒரு தலையணை. அங்கே போய் உட்கார அனுமதி கேட்க வேண்டியதில்லை, திரும்பி வரும்போது "வா வா" என்று கூவவும் வேண்டியதில்லை.

வாயே திறக்காத பெண் ஒருத்தி எட்டு மாதம் என் கிளாஸில் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதம் என்பது கேட்க எளிது, ஒவ்வொரு வாரமும் கண் முன்னால் பார்க்க நீளம். பேசவைக்க மிட்டாய், மிரட்டல், கெஞ்சல் எல்லாம் முதல் மாதத்திலேயே தோற்றுவிட்டன. கடைசியில் போனில் இருக்கும் சுருதி ஆப்பை அவள் கையில் கொடுத்தேன். கிளாஸ் தொடங்கும்போது அவள் சுருதி போடவேண்டும், முடிந்ததும் நிறுத்தவேண்டும். யாராவது சுருதி விலகினால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவாள், சொல்லிக்கொடுக்காமலே செய்தாள். ஆடி மாதம் அவள் அம்மா போனில் ஒரு பதிவு அனுப்பினார். பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே, ஏழு தாளத்துக்கான பயிற்சியான அலங்காரம் ஏழும், மூன்று காலத்திலும். அதைக் கிளாஸில் போட்டுக்காட்டலாமா என்று கேட்டேன், தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். போடவில்லை.

எந்தப் பாட்டு

வரிசைகள் முடிந்து முதல் பாட்டான கீதத்துக்கு வரும்போது ஒரு கேள்வி எழும். நம் முதல் கீதங்கள் பிள்ளையார் மேலும் மற்றத் தெய்வங்கள் மேலும் இருக்கின்றன, மொழியும் தமிழ் இல்லை. நான் அவற்றை விடுவதில்லை. பொருளைத் தமிழில் சொல்கிறேன். பாட விருப்பமில்லாத வீட்டுப் பிள்ளை அதே மெட்டை ஸ்வரமாகப் பாடட்டும், காரணம் கேட்பதில்லை. கூடவே வேறு ஊற்றுகளும் நம்மிடம் ஏராளம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கிறிஸ்தவர், முன்சீஃபாக இருந்தவர். எல்லாச் சமயத்தாரும் பாடும்படி கர்நாடக இசையில் தமிழ்க் கீர்த்தனைகள் எழுதினார், அந்தத் தொகுப்புக்குப் பெயரே சர்வ சமய சமரசக் கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழி வந்த கிறிஸ்தவக் கீர்த்தனைகள், குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்கள், காவடிச் சிந்து, கும்மி என்று தேடினால் ஒரு வருடப் பாடம் கிடைக்கும்.

மாதம் ஒரு கிளாஸ் "வீட்டுப் பாட்டு". ஒரு பிள்ளை வீட்டில் கேட்ட தாலாட்டையோ வேலைப் பாட்டையோ கொண்டுவரும், மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள், நீங்களும்தான். ஒடிசாப் பையனின் அம்மா வந்து தாலாட்டு பாடினார். அதன் ஸ்வரத்தைக் கண்டுபிடித்து எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஆனால் இந்த நாளை ஒரு பிள்ளையின் மேல் சுமத்தாதீர்கள். "உங்க ஊர்ல என்ன பாடுவாங்க" என்று எல்லார் முன்னாலும் ஒருவனை மட்டும் கேட்டால், அவன் வேற்று ஊர்க்காரன் என்று அறிவித்த மாதிரி ஆகிவிடும்.

பறை வாசிக்கிற குடும்பத்துப் பிள்ளை வந்தால் என்ன நடக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும், வாய்விட்டுச் சொல்லமாட்டோம். யாராவது ஒரு பெற்றோர் முகம் சுளிப்பார். அப்போது பேச்சைக் குறைத்து வேலையைப் பாருங்கள்: ஒரு நாள் பறையைக் கொண்டுவரச் சொல்லி, நீளமான சிண்டுக் குச்சியும் குட்டையான அடிக்குச்சியும் எப்படி வேறு வேறு வேலை செய்கின்றன என்று அந்தப் பிள்ளையே விளக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் மட்டும். முகம் சுளித்தவருக்கு மிருதங்கம் எந்தெந்தத் தோலால் ஆகிறது என்றும் தெரியட்டும்: ஆடு, மாடு, எருமை. ஒரு குடும்பம் கிளாஸை விட்டுப் போனால் போகட்டும்.

பணம்

ஃபீஸை எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். கட்ட முடியாதவர் யார் என்று உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். சுருதிப் பெட்டி வாங்கச் சொல்லாதீர்கள், இலவச ஆப்பே போதுமானது. உங்களிடம் முடியாத வாத்தியத்தைக் கேட்கும் பிள்ளையை மாவட்ட அரசு இசைப் பள்ளிக்கு அனுப்புங்கள். தமிழ்நாட்டில் அப்படி 17 இருக்கின்றன, குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு துறை. சின்னப் பிள்ளைகளுக்குக் கலை சொல்லிக்கொடுக்கும் ஜவகர் சிறுவர் மன்றமும் உண்டு.

விழா நாள்

வருட முடிவில் பெற்றோர் மேடை கேட்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன் அதே மேடையில் ஒரு ஒத்திகை நடக்கவேண்டும், மைக்கோடு, விளக்கோடு. மைக் கீச்சிடும் சத்தத்தை விழா நாளில்தான் முதலில் கேட்பது சில பிள்ளைகளுக்கு அந்த நாளையே கெடுத்துவிடும். மேடைக்குப் படி மட்டுமே இருந்தால் எல்லாரும் கீழே, தரையில் உட்கார்ந்து பாடுங்கள். ஒரு பிள்ளையைத் தூக்கி மேடையில் வைத்து, கைதட்டு வாங்கி, பேச்சாளர் கண்கலங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்த்தேன். அறிவிப்பாளரிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள்: பெயர், பாடும் பாட்டு, அவ்வளவுதான், மெடிக்கல் ரிப்போர்ட் வேண்டாம்.

தனிப்பாட்டு வேண்டாம் என்ற பிள்ளைக்குத் தனிப்பாட்டு இல்லை. காத்திருக்க முடியாத பிள்ளையின் முறை முதலில் வரட்டும், முடித்துவிட்டு வெளியே போய் விளையாடட்டும். குரல் உடைந்த பையன் தாளத்தோடு நடுவில். சுருதி ஆப் வைத்திருக்கும் பெண் பின்வரிசையில், தம்புரா போடுகிறவர் உட்காரும் இடத்தில். நிகழ்ச்சி நிரல் அச்சடிக்கக் கொடுக்கும்போது பாடுகிறவர்கள் பெயருக்குக் கீழே "சுருதி" என்று போட்டு அவள் பெயரையும் எழுதிக் கொடுங்கள். பிரஸ்காரர் விட்டுவிடுவார், புரூஃப் வரும்போது சரிபாருங்கள்.